பெருச்சாளி எடுத்த அடைப்பு

வயல் வரப்புக்குள் ஓர் எலி ஐந்து குட்டிகளோடு வாழ்ந்தாள். வளையைப் பெரிதாக்க ஒரு பெருச்சாளியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டாள். அவள் ஒரு வாரம் தோண்டுவதை அவன் ஒரே காலையில் தோண்டிவிடுவான்.

ஒரு நாள் அவள் இரை தேடிவிட்டுத் திரும்பியபோது, காற்றே வராத உள்ளறையில் சில்லென்று காற்று வீசியது.

"இங்கே ஒரு மண்ணடைப்பு இருந்ததே?"

"ஆமாக்கா. சும்மா வழியை மறிச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. எடுத்துட்டேன்" என்றான் பெருமையாக.

எலி அடைப்பு இருந்த துளையை எட்டிப் பார்த்தாள். "அந்தப் பக்கம் பாம்பு இருக்குடா. அதுக்காகத்தான் அடைச்சேன்."

"நீங்க சொல்லவே இல்லையே!"

"நீ கேட்டியா?"

துளைக்குள் ஏதோ ஊர்ந்து வரும் சத்தம் கேட்டது. இருவரும் நடுங்கிக்கொண்டே மண்ணைத் தள்ளினார்கள். அவன் முதுகைக் கொடுத்து அழுத்த, அவள் இடுக்கெல்லாம் பூசினாள். சத்தம் மெல்ல விலகிப் போனது. குட்டிகள் ஐந்தும் பத்திரமாக இருந்தன.

பெருச்சாளியின் நடுக்கம் மட்டும் நிற்கவில்லை.

"அக்கா, இதே மாதிரி இன்னும் ரெண்டு அடைப்பை எடுத்தேன்."

"எங்கே?"

"வேகமா தோண்டினேனா... நினைவில்லை."

எலி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அவனும் ஒன்றைக் கவ்விக்கொண்டு பின்னால் ஓடினான். குட்டிகளையெல்லாம் வெளியே சேர்த்தபின், அவள் பல மாதம் தோண்டிய அந்த வளைக்குள் இருவரும் திரும்பிப் போகவே இல்லை.