லென்ஸுக்குச் சற்று மேலே

கணினித் திரையில், கல்யாண விருந்தில் எல்லோரும் துள்ளி ஆடுகிறார்கள். தாளத்துக்கொரு வெட்டு என்று படத்தை நறுக்கிக்கொண்டிருந்த எடிட்டரின் விரல் மட்டும் நிற்கிறது. மாப்பிள்ளையை விட்டு, பெண்ணை விட்டு, சுற்றிச் சுற்றிச் சுப்பர் கொல்லை என்று கேமரா பச்சை உடுப்புக்காரி ஒருத்தியிடமே வந்து ஒட்டிக்கொள்கிறது. படம் பிடித்தது எடிட்டரின் புருஷன்தான். ஜன்னல் வெயிலில் உட்கார்ந்து லென்ஸைத் துடைக்கிறான். “யாருங்க இந்தப் பச்சை?” என்கிறாள். “யாரோ. நான் பேசக்கூட இல்லையே.” பேசினீங்களா என்று அவள் கேட்கவே இல்லை. துடைத்த லென்ஸையே அவன் மறுபடி துடைக்கிறான். அவள் பாட்டை நிறுத்திவிட்டுப் படத்தை மெதுவாக ஓட்டுகிறாள். விருந்தாளிகளெல்லாம் லென்ஸைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பச்சை உடுப்புக்காரி மட்டும் லென்ஸுக்குச் சற்று மேலே, அதைப் பிடித்திருப்பவன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள்.