ஆடியில் எத்தனை தடவை

"இரண்டாயிரத்து ஒன்பது, ஜூலை பதினேழு முதல் ஆகஸ்ட் பதினொன்று வரை நீங்களும் உங்கள் கணவரும் எத்தனை முறை சந்தித்தீர்கள்?"

கேள்வி ஸ்பீக்கரில் கூடம் முழுக்கக் கேட்டது.

பவானி போனுக்கு இன்னும் கிட்டே குனிந்தாள்.

பதினான்கு மாதமாகக் காத்திருந்த போன், டெல்லியில் இருக்கும் ஆஸ்திரேலியத் தூதரகத்திலிருந்து. மெல்போர்னில் வெல்டராக இருக்கும் இளவரசுவிடம் அவள் போய்ச் சேர்வதா, சிதம்பரத்தில் மாமியார் வீட்டிலேயே கிடப்பதா என்பது இந்த ஒரு போனில்தான் இருந்தது. நடந்தது நிஜக் கல்யாணமா, விசாவுக்காகப் போட்ட வேஷமா என்று அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரி இன்று முடிவு செய்வார். அவர் இங்கிலீஷில் கேட்க, ஒரு பெண் செய்தி வாசிப்பதுபோல அதைத் தமிழில் சொன்னாள். ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் கம்ப்யூட்டரில் தட்டும் சத்தம் வந்தது.

கெட்ட நேரம், ரிசீவர் பழுதாகி ஒரு மாதம் ஆகிறது. ஸ்பீக்கரில் போட்டால்தான் உண்டு.

இதுவரை எல்லாம் சுலபமாகத்தான் போனது. கல்யாணம் எங்கே நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள், அவருக்குப் பிடித்த சாப்பாடு என்ன.

"கத்திரிக்கா. காலையில இட்லிக்குக் கொத்சு, மத்தியானம் கொழம்புலயும் கத்திரிக்கா இருக்கணும். இல்லன்னா அவருக்குச் சோறு எறங்காது. எனக்குத்தான் ஆகாது, நாக்கு அரிக்கும்."

அந்தப் பெண்கூடச் சிரித்தாள். இப்போது இது.

மாமனார் சுப்பிரமணியன் பேப்பரை விரித்தபடி, பக்கம் புரட்டாமல் உட்கார்ந்திருந்தார். மாமியார் சௌந்தரம் சமையலறை வாசலில் நின்றாள்.

இளவரசுவுக்குக் கிடைத்தது ஏழு வார லீவு, ஆகஸ்ட் பதினொன்று வரை. ஆனியில் கல்யாணம். மூன்று வாரம் முடிவதற்குள் ஆடி வந்து நின்றது. "ஆடியில சேந்தா சித்திரையில புள்ள. சித்திரை அப்பன் தெருவிலேன்னு சும்மாவா சொன்னாங்க" என்று புது மருமகளை நெல்லிக்குப்பத்துக்கு, தாய்வீட்டுக்கு அனுப்பியவள் சௌந்தரம்தான். மகன் கெஞ்சிப் பார்த்தான். கல்லில் நார் உரிக்க முடியுமா?

அனுப்பிய மறுநாளே பவானி கடலூரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தாள். இளவரசு, கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் பழைய கூட்டாளிகளைப் பார்க்கப் போவதாகச் சொல்லி, அம்மா கட்டிக்கொடுத்த கேரியரோடு பஸ் ஏறினான்.

வகுப்பு முடிந்ததும் தேவனாம்பட்டினம் கடற்கரை. படகு நிழலில் உட்கார்ந்து கேரியரைத் திறப்பார்கள். பூசணிக்காய் சாம்பார், வாழைக்காய் வறுவல், சில நாள் மீன்குழம்பு. இருவர் தின்றும் மிஞ்சும்.

ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. லாட்ஜில் ரூம் கேட்டார்கள். தாலி கட்டியவனோடு ஒதுங்குவதற்குக் கல்யாணப் பத்திரிகையைக் காட்ட வேண்டியிருந்தது.

செத்தாலும் இதை யாரிடமும் சொல்வதில்லை என்று இருவரும் சத்தியம் செய்திருந்தார்கள்.

ஆடி மாதம், பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாம். மானம் தப்பும். ஆனால், கடல் தாண்டி வந்து நாலு வாரம் பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல் இருந்தவனைப் புருஷன் என்று எந்த அதிகாரி நம்புவார்?

"பத்தொம்பது தடவ" என்றாள் பவானி. "பீச்சுல பாத்துக்குவோம். ஒரு நாள் மட்டும் லாட்ஜுல."

பேப்பர் மடங்கியது. சுப்பிரமணியன் எழுந்து வாசல் பக்கம் போனார். பவானிக்கு உடம்பே கூசியது. தலையை நிமிர்த்தவில்லை.

தட்டும் சத்தமும் நின்றுபோயிருந்தது.

"இன்று காலை உங்கள் கணவரிடம் பேசினோம். ஆடி மாதம் என்பதால் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். யார் சொல்வது உண்மை?"

பாவி மனுஷன். எங்கே உடைக்க வேண்டுமோ அங்கே போய்ச் சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறான். அவள் மானத்துக்காகத்தான் அப்படிச் சொல்லியிருப்பான் என்று நினைக்கும்போது அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"அம்மா, லைனில் இருக்கிறீர்களா?"

சௌந்தரம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனுக்கு நேராகக் குனிந்தாள்.

"அவனப் பெத்தவ பேசறேன்."

"வேறு யாரும் பேசக் கூடாது அம்மா."

சௌந்தரம் அதைக் காதில் வாங்கவில்லை.

"லாட்ஜு சங்கதி எனக்குத் தெரியாது. மத்தபடி என் மருமவ சொல்றதுதான் நெசம். கத்திரிக்கா இல்லாம எம்புள்ளைக்குச் சோறு எறங்காதுன்னு இப்பதான் சொன்னா. அந்த ஆடி பூரா அவன் கேரியர்ல நான் ஒரு நாளும் கத்திரிக்கா வெக்கல."



"ஏம்மா?" என்று கேட்டாள் அந்தப் பெண். அது அதிகாரி கேட்ட கேள்வி இல்லை.

சௌந்தரம் மருமகளைப் பார்க்காமல், போனைப் பார்த்தே சொன்னாள்.

"இவளுக்கு நாக்கு அரிக்கும்."

தட்டும் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது.