கணக்குக்கு மிஞ்சிய ஒளி

வெள்ளையம்மாவின் தேயிலைக் கொழுந்துச் சாக்கைத் தராசில் மாட்டியதும் முள் எகிறியது.

“ஒத்த ஆளுக்கு இவ்வளவு கொழுந்தா? தண்ணி தெளிச்சியா?” என்று கணக்கப்பிள்ளை சாக்குக்குள் கையை விட்டுத் துழாவினார். ஈரமில்லை. ஒரு கல்கூட இல்லை. முணுமுணுத்தபடி எழுதிக்கொண்டார்.

அம்மா வெள்ளையம்மாவுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்து வாசலில் நின்ற தர்மிளா சட்டென்று நிமிர்ந்தாள்.

கொழும்பில் அவள் படிப்பதே இந்தத் துப்புத் துலக்கும் வேலைதான். வானம் முழுவதையும் அளந்து எடுத்த படங்களில், குளிர்ந்து சிவந்த மங்கல் நட்சத்திரங்களைத் தேடுவாள். படத்தில் ஒவ்வொன்றும் ஒற்றைப் புள்ளிதான். ஆனால் இந்த நிறத்துக்கு இவ்வளவுதான் ஒளி என்று ஒரு கணக்கு உண்டு. அதற்கு மேல் மினுங்கினால் அது தனியாள் இல்லை. இன்னொன்று ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

அதே படிப்பைத் தொடர ஜெர்மனியில் இடம் கிடைத்திருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடும் முடிவோடுதான் ஊருக்கு, தெரணியகலை பஸ் ஏறி வந்திருந்தாள். அப்பா இறந்து வருடங்கள் ஆகிவிட்டன. தோட்டத்து வரிசை வீடான லயத்து அறையில் அம்மாவை ஒண்டிக்கட்டையாக விட்டுவிட்டு நட்சத்திரம் தேடப் போவதா?

அவள் கண் வரிசையை மேய்ந்தது. பெண்களின் சாக்குகள் எல்லாம் வழக்கம்போலத்தான். ஆண்கள் பக்கம் திரும்பினாள்.

அங்கே அடுத்த லயத்துக் கன்னையா மாமா நின்றார். மனைவியை இழந்தவர். தோட்டத்திலேயே கை வேகமான ஆள். அவருடைய சாக்கு பாதிகூட நிறையாமல் தொங்கியது.

மனிதர் கூரைத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க இருவரும் படாத பாடு பட்டார்கள்.

அடி கள்ளி அம்மா!

தர்மிளா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். வானத்தையே சல்லடை போட்டுச் சலிக்கிறவளுக்கு வீட்டில் நடப்பது தெரியாமல் போயிற்றே!

தேத்தண்ணீரை அவள் அம்மாவிடம் கொடுக்கவில்லை. நேராக ஆண்கள் வரிசைக்குப் போய், நேற்றுவரை மாமா என்று கூப்பிட்டவரிடம் நீட்டினாள்.

“குடிங்க சித்தப்பா. நான் ஜெர்மனி போயிட்டு வர்ற வரைக்கும் அம்மாவ நீங்கதான் பாத்துக்கணும்.”

கணக்கப்பிள்ளை எழுத மறந்து வாயைப் பிளந்தார்.

கன்னையா கோப்பையை வாங்கிப் பாதி குடித்தார். பிறகு அத்தனை பேரும் பார்க்க நடந்து போய், மீதியை வெள்ளையம்மாவிடம் கொடுத்தார்.