இரட்டைக் கோடு

செவிலியர் கல்லூரிக் கரும்பலகையில் பொற்கொடி ஆணுக்கு ஒரு சதுரத்தையும் பெண்ணுக்கு ஒரு வட்டத்தையும் போட்டு, இரட்டைக் கோட்டால் இணைத்து, கீழே பிள்ளைக்கென்று ஒரு கட்டம் போட்டாள்.

"சொந்தத்துல கட்டுனா ரெண்டு கோடு. பிள்ளைக்குக் குறை இருந்தா கட்டத்தை நிரப்பணும்."

வகுப்பு முடிந்ததும் மாணவி வள்ளிமயில் கல்யாணப் பத்திரிகையை நீட்டினாள். மாப்பிள்ளை, அவளுடைய தாய்மாமன்.

"நான் நடத்துனதை வீட்டுல சொல்லலையா?"

"சொன்னேன் மேடம். ஊருக்கு உபதேசம் பண்ற உங்க மேடம் யாரைக் கட்டியிருக்காங்கன்னு அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

பொற்கொடி கட்டியிருந்ததும் தாய்மாமனைத்தான். பலகைப் பக்கம் திரும்பினாள். காலியாக விட்டிருந்த கட்டத்தைச் சாக்பீஸ் ஒடிய ஒடிய நிரப்பினாள்.

"இவன் பேரு இனியன். கூப்பிட்டா திரும்ப மாட்டான்னு அம்மாகிட்டப் போய்ச் சொல்லு."