கம்பளி எடுத்தியா?

தான் பேசுவதையெல்லாம் மகள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பதை அமலராணி அன்று காலைதான் பார்த்தாள்.

'சிறுமலை கறுத்துக் கிடக்கு, குடை எடு.' 'காத்து அப்படியே நின்னுபோச்சு, கொடியில துணி கிடக்கு.' 'தட்டான் தாழப் பறக்குது, இன்னைக்கு நத்தம் போக வேணாம்.'

ஆடியிலிருந்து ஐப்பசி வரை, தேதி போட்டுப் பக்கம் பக்கமாக. பாதி வரிகளுக்கு மேல் ஓரத்தில் சிவப்பு டிக்.

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஓயாமல் புலம்புகிறாள் என்று கணவர் ராயப்பராஜ் கேலி செய்வது பழகிப்போனதுதான். கம்ப்யூட்டர் படிக்கிற மகளுமா?

சாயங்காலம் மகள் ஏஞ்சலினோடு படிக்கும் பிராங்கிளினும் தஹ்சீனும் வந்தார்கள். கல்லூரிக் கடைசி வருஷப் பிராஜெக்டுக்காக ஏஞ்சலின் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்திருந்தாள். அதை ஆடிப் பார்க்க.

அமலராணி டீ கொண்டுபோனபோது உள்ளே ஒரே சிரிப்பு.

திரையில் ஒரு மலை, பார்க்க சிறுமலை மாதிரியே. அதற்கு அந்தப் பக்கம் அரக்கன் கோட்டை. இந்தப் பக்க அடிவாரத்தில் ஒரு வீடு, வாசலில் முந்தானையைச் செருகிக்கொண்டு ஒரு பெண். பிராங்கிளினின் வீரன் வாளோடு கடந்து போனான். அவள் தலைக்கு மேல் எழுத்து வந்தது: 'ஏலே, மலை கறுத்துக் கிடக்கு. கம்பளி எடுத்தியா?'

"ஆரம்பிச்சிருச்சுப்பா இந்தம்மா," என்றான் பிராங்கிளின்.

"அப்படியே எங்கம்மா! நீ எப்ப பார்த்தே?" என்று ஏஞ்சலினைக் கேட்டு தஹ்சீன் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அமலராணி டீயை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஏஞ்சலின் பின்னாலேயே வந்தாள்.

"நோட்டைப் பார்த்தேன்," என்றாள் அமலராணி. "நாலு பேர் சிரிக்கத்தான் எழுதி வச்சியா?"

"செத்த வந்து பாரும்மா." ஏஞ்சலின் கையைப் பிடித்து இழுத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

மலைப்பாதையில் வீரனை மழை பிடித்துக்கொண்டது. அடுத்து ஆலங்கட்டி. பாதை மறைந்தது. வீரன் விறைத்து விழுந்தான். இத்தோடு நாலாவது தடவை.

பிராங்கிளினுக்கு எரிச்சல். "இம்புட்டுப் பெரிய வாள் வச்சிருந்தும் சாகுறேன். மழை எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்குத் தெரியும்," என்றாள் ஏஞ்சலின். "நீதான் நின்னு கேக்கல."

வீரன் மறுபடி அடிவாரத்தில் எழுந்தான். இந்தத் தடவை அந்த வாசலில் நின்றான். அந்தப் பெண் சொன்னதையே சொன்னாள். ஆறு தடவை. பிராங்கிளின் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். ஏழாவது தடவை உள்ளே போய் ஒரு கம்பளியை எடுத்துவந்து வீரனின் தோளில் போர்த்தினாள். 'காத்து திரும்பட்டும், அப்புறம் கிளம்பு.'

காற்று திரும்பியது. வீரன் கிளம்பினான். மலையைத் தாண்டிவிட்டான்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. தஹ்சீன் திரும்பி அமலராணியைப் பார்த்தாள். பிராங்கிளின் ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டான்.

அமலராணி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள். "அப்ப அந்தச் சிவப்பு டிக்கெல்லாம்?"

"நீ சொன்னபடி மழை பெஞ்ச நாளும்மா."