சரளைக் குழியில் கிடைத்தவை

பானை வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

வேர்கள்.

கல்லாகிப்போன வேர்கள். விரல் பருமனில் ஏழு துண்டுகள். ஒன்று கவையாகப் பிரிந்து, பிரிந்த இடத்திலிருந்து மெலிந்துகொண்டே போனது. எலும்பு அப்படிக் கிளைக்காது.

ஆனால் யாரோ அவற்றைப் பாலில் கழுவிப் புதுப்பானையில் வைத்திருந்தார்கள். மேலே நாலைந்து அரளிப்பூ.

செங்கமலம் எதிரே நின்றிருந்தாள். பதினோரு வருடங்களுக்கு முன் இதே சரளைக் குழியில் மண் சரிந்து அவள் புருஷன் காத்தமுத்து உள்ளே போனான். ஐந்து நாள் தோண்டினார்கள். ஒற்றைச் செருப்புதான் கிடைத்தது. கண்ணால் பார்க்காமல் காரியம் செய்யமாட்டேன் என்று அவள் பிடிவாதமாக இருந்துவிட்டாள்.

நேற்று பொக்லைன் இவற்றை வாரிப் போட்டதும் அவன் எலும்புதான் என்று ஊர் கூடி முடிவு கட்டிவிட்டது. வெள்ளிக்கிழமை கருமாதி. எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தாசில்தார்தான் புவியியல் துறையிலிருந்து அவரை வரவழைத்திருந்தார்.

இதை எப்படிச் சொல்வது?

யோசித்துக்கொண்டே ஒரு துண்டை எடுத்தார். புரட்டினார். நுனியை நாக்கில் வைத்தார்.

முப்பது வருடப் பழக்கம். பழைய எலும்பு நாக்கில் ஒட்டும், கல் ஒட்டாது. இன்று அந்தச் சோதனைக்கு அவசியமே இல்லை. இருந்தும் நாக்கு சும்மா இருந்தால்தானே.

ஒட்டவில்லை.

நிமிர்ந்தபோது தலையாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். காத்தமுத்துவின் தம்பி ஓரடி முன்னால் வந்தான்.

என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

செங்கமலம் கொழுந்தனைக் கையால் தடுத்தாள். அவர் முகத்தையே பார்த்தாள்.

“மனுச எலும்பா இருந்தா வாயில வெச்சிருக்க மாட்டீங்கல்ல சார்?”

“வேரும்மா,” என்றார். “ரொம்பப் பழைய மரம்.”

அவள் அழுதிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அவள் அழவில்லை. பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். இறுகிப்போயிருந்தது. வெகுநேரம் பிடித்தது.

உள்ளே தாலிக்கயிறு.

“நேத்துதான் கழட்டச் சொன்னாங்க,” என்றாள். “இனிமே இத யாரு சார் கட்டுவா?”