மஞ்சள் கோடு வரை

சாத்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த தன் காபிக் கடையில் சங்கரலிங்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மனைவி ஜெயக்கொடி ஓடிவந்து அவர் தலையை மடியில் தாங்கினாள். ஆம்புலன்ஸ் உடனே வந்துவிட்டது.

ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் கையெழுத்துக் கேட்டாள். "நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"சம்சாரம்."

உறவைச் சரிபார்க்கும் நர்ஸின் கைக்கருவி சிவப்பாக எரிந்தது. "அக்கா மகள்னு காட்டுதும்மா. இது வெளிநாட்டுக் கம்பெனி பேர்ல நடக்குற கடை. உள்ள அவங்க நாட்டுச் சட்டம். அதுல தாய்மாமனைக் கட்டினா செல்லாது. அக்கா மகள் கையெழுத்தும் செல்லாது."

கடை எடுத்தபோது, கடைக்குள் கம்பெனி நாட்டுச் சட்டமே செல்லும் என்ற ஒப்பந்தத்தின் முப்பத்தோராம் பிரிவை வக்கீல் வாசித்துக் காட்டிய நாள் ஜெயக்கொடிக்கு நினைவு வந்தது. எந்த நாட்டுச் சட்டம் என்பதெல்லாம் கோர்ட்டுக்குப் போனால்தானே, நாம் எங்கே போகப்போகிறோம் என்று சொல்லி, பிள்ளையார் சுழி போட்டுக் கையெழுத்திட்டவர் மடியில் கிடக்கும் இவர்தான்.

"வாசல்ல இருக்குற மஞ்சக் கோடு வரைக்குந்தான அவங்க சட்டம்?"

"ஆமா. ஆனா ஊசி போடாம இவரை அசைக்கக் கூடாதும்மா."

அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. "கொஞ்சம் பொறுத்துக்கோங்க மாமா" என்று சொல்லி, அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். காபி குடிக்க வந்த இருவர் இடுப்பைப் பிடித்தார்கள். நாற்காலிகள் சரிந்தன. வெயிலில், பேருந்து ஹாரன்களுக்கு நடுவே அவரைக் கிடத்தினாள்.

கருவி இன்னும் சிவப்பாகவே இருந்தது.

"கால் உள்ள கெடக்கும்மா."

குனிந்து இரண்டு காலையும் நெஞ்சோடு வாரியெடுத்து வெளியே வைத்தாள். பச்சை எரிந்தது.

"இப்பக் கேளு தாயி, நான் இவருக்கு என்ன வேணும்னு."